பொருள்: 'வாக்கிங் ஃபுட்' – 'மேற்பல் பாதம்' எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்றடுக்குப் பஞ்சுப் போர்வை தைப்பவர்கள் கட்டுப்படியாகும் விலையில் தையல் மெஷின் வாங்குவதற்கான கையேட்டில், 'வாக்கிங் ஃபுட்' என்பதை (தையல் மெஷினில் துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் 'பாதம்' என்ற உறுப்பின் ஒரு வகை) 'நடைபாதம்' எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். சொல் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நடைபாதை' என்று கண் தவறிப் படிக்க இடம் தருவதோடு, அந்த உறுப்பு செய்யும் வேலையையும் அது சொல்லவில்லை என்பதால் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

ஊசிக்கு அடியில், தட்டின் பிளவுகளில் தலைகாட்டும் ரம்பம் போன்ற உறுப்பை எங்கள் பகுதித் தையற்காரர்கள் 'பல்' என்பார்கள். அது மேலெழுந்து, துணியைப் பற்றி நகர்த்தி, கீழிறங்கி, பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்ற இந்த நான்கு அசைவு முறையும் ஒரு நடைதான். ஆகவே நடப்பது வாக்கிங் ஃபுட்டுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. துணியை மேலிருந்தும் பற்றி நகர்த்தத் தனக்கென்று பற்களைக் கொண்டிருப்பதே அதன் சிறப்பு. அதன் கவைக்கோல் ஊசியைப் பிடித்திருக்கும் திருகின்மேல் அமர்ந்து, ஊசியோடு தானும் ஏறி இறங்கி, மேலுள்ள பற்களைக் கீழுள்ளவற்றோடு ஒத்து இயங்கச் செய்கிறது.

இதன் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன். கட்டில் அளவுப் போர்வை ஒன்றைச் சாதாரணப் பாதத்தால் தைத்தபோது, ஓரங்களைச் சமமாக வைத்துத் தொடங்கியும், மறு ஓரத்தை எட்டுகையில் மேல்துணி முக்கால் அங்குலம் வெளியே நீண்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் அடித்துணி முழுக்கச் சுருக்கம். கீழ்த்துணியைப் பல் இழுத்துச் செல்ல, மேல்துணி பாதத்தில் உராய்ந்து பின்தங்கியதே காரணம். அத்தனை வரிகளையும் பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

எனவே 'மேற்பல் பாதம்' என்று முன்மொழிகிறேன். வாயிலுள்ள பல்லை நினைவூட்டும் என்ற தடை எழலாம். பற்சக்கரம் என்பதைத் தயங்காமல் ஆளும் நமக்கு இது தடையாகாது. இன்னொரு நன்மையும் உண்டு. பாதமும் பல்லும் வழிகாட்டாமல், துணியைக் கையால் விரும்பிய பக்கம் நகர்த்திப் பூவும் கொடியுமாகத் தைக்கும் முறைக்குப் பல்லைத் தாழ்த்திவிட வேண்டும் அல்லது மூடிவிட வேண்டும். அதனைப் 'பல் தாழ்த்தித் தைத்தல்' எனலாம். அப்போது, வாங்க வருபவர் கடையில் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளும் எளிய தமிழில் வந்துவிடுகின்றன: இதற்கு மேற்பல் பாதம் பொருந்துமா? பல்லைத் தாழ்த்த முடியுமா? விலை குறைந்த மெஷினிலும் இவ்விரண்டும் இருந்தால், நூறு வகை அலங்காரத் தையல்கள் இல்லாததை நான் குறையாகவே கருதமாட்டேன்.

பாதத்தை மாட்டும் தண்டில் பெரும்பாலும் காணப்படுபவை குட்டை, நெட்டை என்ற இரு வகைகள். ஒன்றுக்குரிய மேற்பல் பாதம் மற்றொன்றில் சரியாக அமராது. அவற்றைக் 'குட்டைத் தண்டு', 'நெட்டைத் தண்டு' என்றே எழுதிவிடலாமா என்பதையும் நண்பர்கள் இந்த இழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.