முதல் ரீஃப் டேங்க்: உங்கள் தொட்டியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று (சென்னை):

ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் தொட்டி, வைக்க என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் இங்கே பட்டியல் வேண்டாம். முதல் வருடத்தில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது மூன்றடித் தொட்டி, 180 லிட்டர். கொளத்தூரில் செய்து வாங்கினேன். நன்னீர் மீன் பல வருடம் வளர்த்தவன்தான், ஆனாலும் கடல் தொட்டியில் முதலில் திகைக்க வைத்தது தண்ணீர் காணாமல் போகிற வேகம். மே மாதம் தொட்டியின் சூடு 31 டிகிரியைத் தாண்டியது. பவளத்துக்கு 25 முதல் 27 வரை இருந்தால் நல்லது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலையைக் கேட்டதும் மயக்கம் வந்தது, சரி என்று மேலே இரண்டு சின்ன ஃபேன் மாட்டினேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. கூடவே தினமும் லிட்டர் கணக்கில் தண்ணீர் இறங்கியது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஈடு கட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத தண்ணீர். உப்புத் தண்ணீரை ஊற்றினால் 1.025-இல் நிற்க வேண்டிய அடர்த்தி மெல்ல ஏறிக்கொண்டே போகும். கடல் காற்று வந்து புழுங்கும் நாட்களில் ஃபேன் அவ்வளவாக வேலை செய்யாது. சென்னையில் இருப்பவர்கள் இரண்டாவது கோடைக்குள் சில்லருக்குப் பணம் சேர்த்துவிடுங்கள் என்பதே என் கட்சி.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. வீட்டு ஆர்.ஓ. பல மாடல்களில் சுவைக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பக் கலக்கிவிடுகிறார்கள். நாம் குடிக்க அது போதும். தொட்டிக்கு அதற்கு மேல் மிச்சத் தாதுவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டி, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சைபர் காட்டும்வரை வடிகட்ட வேண்டும். தண்ணீரில் சிலிகேட் இருந்தால் மணலெல்லாம் பழுப்புப் பாசி படரும். எப்படியும் முதல் மாதங்களில் கொஞ்சம் வரத்தான் செய்யும், வந்து தானாகப் போகும். அதற்கு மருந்து ஊற்றுகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

சைக்கிள், அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேறும் காலம், முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. காய்ந்த கல், மணல், உப்புத் தண்ணீர், அதில் 2 பி.பி.எம். (லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா. அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறியது, பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஆனது. "வெறும் கல்லுக்கு லைட் போட்டுக் கரண்ட் பில் கட்டுறியே" என்று அம்மா தினமும் கேட்பார். நண்பர் தன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல் கொடுத்திருந்தார். ஒருநாள் ராத்திரி டார்ச் அடித்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தன. கோபிபாட் என்ற பொடி உயிரினம். அம்மாவையும் எழுப்பிக் காட்டினேன். "இதுக்காடா எழுப்பினே?" என்றார், ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மண்டபத்தான்:

அண்ணே, காய்ந்த கல் போட்டேன் என்றீர்கள், சந்தோஷம். நான் கடற்கரை ஊர்க்காரன் என்று தெரிந்ததும் "ஒரு சாக்கு லைவ் ராக் அனுப்புங்க" என்று, அதாவது உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறையைக் கேட்கிறவர்கள் அதிகம். அன்பாகத்தான் கேட்கிறார்கள், சட்டம் தெரியாமல்.

எங்கள் பக்கம் பழைய வீடுகளில் சுவரே பவளக் கல்தான். சுண்ணாம்புக் காளவாய்க்கும் வண்டி வண்டியாகப் போனது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருந்த 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில். கல் வெட்டியதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 1986-இல் அந்தத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் கல் பவளம் அத்தனையும், கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. புலி இருக்கிற அதே அட்டவணை. செத்த பவளக் கல்லை வைத்திருந்தாலும் வழக்கு வரும். கடையில் "லோக்கல் ராக்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சிமெண்டில் செய்த கல், பீங்கான் கல் இரண்டுமே கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேற ஓட்டை உள்ள பரப்பு இருந்தால் போதும், அதற்குக் கல்லின் பூர்வீகம் எல்லாம் தெரியாது.

மீனில் மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நல்ல சேதி உண்டு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்த கோமாளியையும் தொட்டியில் பிறந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பிடித்தது மூலையில் ஒதுங்கி, தீவனத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது. தொட்டியில் பிறந்தது கையை நீட்டினாலே சாப்பாடு என்று ஓடி வந்தது. புதியவர்களுக்கு எது சுலபம் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

கோவைக் கயல்:

என் தொட்டியில் மீன் குறைவு. மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்ற சின்ன மீன் ஒன்று, ஒரு பிஸ்டல் இறால். இவை இரண்டும் போதும், டி.வி. தேவைப்படவில்லை.

இறாலை முதலில் விட்டேன். விட்ட நொடியே பாறைக்கு அடியில் போய்விட்டது. சில நாள் கழித்துக் கோபி வந்தது, அது தொட்டியின் மறு கோடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சந்திக்கவே போவதில்லை என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் இரண்டும் ஒரே வளைக்குள்! எப்படிக் கண்டுபிடித்தன என்று பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த இறாலுக்குக் கண் பார்வை மட்டம். அது மணலை வாரி வாரி வெளியே தள்ளும், கோபி வாசலில் காவல் உட்காரும். வெளியே வரும்போதெல்லாம் இறாலின் ஒரு மீசை மீனின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நான் வேகமாகக் கண்ணாடிப் பக்கம் போனால் கோபி வாலைச் சின்னதாக ஒரு ஆட்டு ஆட்டும், இறால் அந்த நொடியே உள்ளே. லைட் அணைந்ததும் இருவரும் உள்ளே போய்விடுவார்கள், சில ராத்திரி இறால் வாசலை மணல் போட்டே மூடிவிடுகிறது.

அவ்வப்போது "டப்" என்று விரல் சொடுக்கின மாதிரி சத்தம் வரும், சமையலறை வரை கேட்கும். இறால் பெரிய கொடுக்கைப் படக்கென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. கண்ணாடி விரிசல் விடுகிறது என்று பயந்து என் மாமியார் வாளி எடுத்து வந்துவிட்டார்.

இந்த ஜோடி வேண்டும் என்பவர்கள் மணல் போடும் முன்பே பாறைகளைக் கண்ணாடித் தரையில் நேராக உட்கார வைத்துவிடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால் இறால் அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் மொத்தமும் சரியும்.

வேளச்சேரி வாசி:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் நாள்கணக்கில் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கையை விரித்தது. தொட்டியை அந்நேரம் காப்பாற்றியது பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப். அலை உண்டாக்கும் மோட்டார் நின்றால் முதலில் தீர்வது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். தீவனத்தை அடியோடு நிறுத்தினேன். லைட் இல்லாமல் பவளம் சில நாள் தாங்கும், காற்று இல்லாமல் மீன் ஒரு ராத்திரி தாங்குவதே சந்தேகம். புயல் குளிர் என்பதால் சூட்டுப் பிரச்சினை இல்லை. ஏர் பம்பையும் பேட்டரியையும் ஸ்கிம்மருக்கு (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) முன்னால் வாங்குங்கள்.

தெம்பனிஸ் தம்பி (சிங்கப்பூர்):

கயல் அக்கா சொன்ன அதே "டப்" சத்தம் எனக்கும் கேட்டது. நான் பிஸ்டல் இறால் வாங்கவே இல்லை! இங்கே கடையில் லைவ் ராக் முறையாகவே விற்கிறார்கள், அதில்தான் யாரோ ஒளிந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு நத்தைகள் குறைய ஆரம்பித்தன. மணலில் ஓடுகள் கிடந்தன, முழுதாக இல்லை, உடைந்த சில்லுகளாக. பிஸ்டல் இறால் ஓட்டை இப்படி நொறுக்காது. இது மேன்டிஸ் இறால்.

சிவப்பு டார்ச் அடித்து ராத்திரி உட்கார்ந்தேன். பாறையின் ஓட்டையிலிருந்து காம்பு மேல் இரண்டு கண்கள், ஒன்று இந்தப் பக்கம் திரும்புகிறது, மற்றது அந்தப் பக்கம். என்னை எடை போடுகிற பார்வை. பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்துப் பொறி செய்தேன். பல ராத்திரி ஏமாற்றிவிட்டுக் கடைசியில் சிக்கியது, விரல் நீளம்தான். கையால் தொடாதீர்கள், அடி பலமாக விழும்.

கொல்ல மனம் வரவில்லை. ஒரு சின்னத் தொட்டியில் தனியாக வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பெரிய தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அதனிடம் போய் நிற்கிறார்கள்.

வடதிசை (டொராண்டோ):

எல்லோரும் நல்லாய்ச் சிரிக்கக் கதைக்கிறீர்கள், நான் கொஞ்சம் பயமுறுத்தப் போறன், மன்னிக்க வேணும். ஸோவான்திட் என்று வட்ட வட்டமாய், வண்ண வண்ணமாய் இருக்கும் மென்பவளம். மலிவு, வளர்க்கச் சுகம், புதியவர்கள் எல்லோரும் முதலில் வாங்குவது. அதில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் பாறையில் அளவுக்கு மேல் பரவிவிட்டதென்று அந்தப் பாறையை அடுப்பில் வைத்து அவித்தார். ஆவியைச் சுவாசித்த வீட்டுக்காரர் எல்லோரும் காய்ச்சல், மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்துவிட்டார்கள்.

அவிக்கவே வேண்டாம். தொடும்போது கையுறை, வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையில் காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிப் பக்கம் போக வேண்டாம். இவ்வளவு அவதானம் இருந்தால் போதும், என்னிடமும் அந்தப் பவளம் நிறைய இருக்கிறது.

வைகைக்கரை (மதுரை):

எல்லாரும் எழுதினதைப் படித்தேன், நன்றி. இரண்டடித் தொட்டி இருக்கிறது, 60 லிட்டர் சொச்சம். மகளுக்கு 'ஃபைண்டிங் நீமோ' சினிமாவில் வரும் நீல மீன் வேண்டுமாம். ராமேஸ்வரம் அடிக்கடி போகிறோம், கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்துவிடலாமா?

மண்டபத்தான்:

சார், தண்ணீருக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடலின் உப்பே குறைந்துவிடும். கேனில் மதுரை வந்து சேர்வதற்குள் அதில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகத் தொடங்கும். கடையில் உப்பு வாங்கி லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலந்து, ஒரு நாள் சுழல விட்டு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கரைத்தவுடன் ஊற்ற வேண்டாம்.

உப்புக்காற்று:

நீல மீன் கடைசியில் ஒரு அடி நீளம் வளரும், சார். உங்கள் தொட்டியே இரண்டடி, திரும்பக்கூட இடம் இருக்காது. இரண்டு கோமாளி, சில நத்தைகள், அவ்வளவு போதும். புது மீனை நேராக உள்ளே விடாமல் சில வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் ஒருமுறை நுழைந்தால் மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் நிலையான பிறகு மஷ்ரூம் பவளம். அனிமோன் இப்போதைக்கு வேண்டாம், அது இடம் பிடிக்காமல் நகர்ந்து போய் அலை உண்டாக்கும் வேவ்மேக்கரில் சிக்கும்.

வைகைக்கரை (மதுரை):

கோமாளிக்கு மகள் சம்மதித்துவிட்டாள். ஆனால் இரண்டில் எது அம்மா, எது அப்பா என்று வாங்கும் முன்னாலேயே தெரிய வேண்டுமாம்.

கோவைக் கயல்:

குட்டியாக இருக்கும்போது இரண்டுமே ஆண்தான் என்று சொல்லுங்கள். ஜோடியில் பெரியதும் அதட்டுவதும் எதுவோ அது பெண்ணாக மாறும், மற்றது ஆணாகவே இருந்துவிடும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாகும். வாங்கும்போது அளவில் வித்தியாசம் தெரிகிற இரண்டாகப் பாருங்கள். ஒரே அளவு என்றால் யார் பெரியவர் என்று முடிவாகும்வரை துரத்தலும் கடியும் இருக்கும், தோற்றது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்து வாங்க ஓடாதீர்கள்.