ரோம் நாவல்களில் யார் யாருடைய மனைவி, யார் யாருடைய மகன்? குழம்பாமல் வாசிப்பது எப்படி?

ஏட்டுச்சுவடி:
முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ரோமில் நடக்கும் நாவல்களில் காதலும் பதவிப் போட்டியும் பின்னிக் கிடக்கும் விதம் ரொம்பப் பிடிக்கிறது. ஆனால் நூறு பக்கம் தாண்டுவதற்குள் உறவுமுறை கைவிட்டுப் போய்விடுகிறது. திரும்பிய பக்கமெல்லாம் ஜூலியா, அன்டோனியா. ஒருவருடைய மனைவி அடுத்த அத்தியாயத்தில் இன்னொருவர் வீட்டில் இருக்கிறாள், பேரன் மகனாகிவிடுகிறான். செனட்டும் போரும் புரிகின்றன, குடும்பம்தான் புரியவில்லை. இன்னொரு சந்தேகம்: அகஸ்டஸின் மனைவி லிவியா விஷம் வைத்தாள் என்பது வரலாறா, கற்பனையா?

மிளகுக்கொடி:
போர்களை விடுங்கள், கல்யாணங்களின் வரிசையைப் பிடியுங்கள். அங்கே கூட்டணி சேர்ந்ததும் உடைந்ததும் கல்யாணத்தில்தான் தெரியும். ஒரு தாளின் நடுவில் அகஸ்டஸின் ஒரே மகள் ஜூலியாவை எழுதுங்கள். கி.மு. 25இல் அத்தை மகன் மார்செல்லஸுடன் திருமணம். இரண்டு வருடத்தில் அவன் இறந்தான். கி.மு. 21இல் அப்பாவின் தளபதி அக்ரிப்பா, ஏறக்குறைய அப்பாவின் வயதுக்காரர், ஐந்து பிள்ளைகள். கி.மு. 12இல் அவரும் இறக்க, அடுத்த வருடமே பின்னாளில் பேரரசரான டைபீரியஸ். இவர் ஜூலியாவின் மாற்றாந்தாய் லிவியாவுக்கு முதல் கணவரிடம் பிறந்தவர். இதற்காக அவர் விலக்கிய மனைவி விப்சேனியா அக்ரிப்பாவின் மூத்த தாரத்து மகள். அதாவது மாமனாரின் விதவையை மணக்கவைத்தார்கள்! விலக்கியபோது விப்சேனியா கர்ப்பிணி. பிறகு ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணீரோடு பின்தொடர்ந்தார், அதன்பின் அவள் அவர் கண்ணிலேயே படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். அந்தக் காலத்திலிருந்து கிடைக்கும் காதல் சாட்சிகளில் இதைவிட நெஞ்சைப் பிசைவது அரிது. நாவலில் இந்த இடம் வரும்போது நிறுத்தி வாசியுங்கள்.

வரையும்போது பெற்ற பிள்ளைக்கு நேர்கோடு, தத்துப் பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. தத்து என்றால் முழு வாரிசு, பெயரும் மாறும். ஜூலியாவின் மகன்கள் காயஸ், லூசியஸ் இருவரையும் கி.மு. 17இல் தாத்தாவே தத்தெடுத்தார். உங்கள் பேரன் மகனானது அப்படித்தான். பெண்களுக்குக் குலப்பெயரே பெயர். அகஸ்டஸின் போட்டியாளர் ஆன்டனிக்கும், அகஸ்டஸின் சகோதரியும் மார்செல்லஸின் தாயுமான ஆக்டேவியாவுக்கும் பிறந்த இரு மகள்களுமே அன்டோனியா. 'மூத்தவள், இளையவள்' என்று குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சிட்ட வம்சாவளியை முதலிலேயே பார்க்காதீர்கள். இறந்த வருடங்கள் அதில் இருக்கும், யார் பிழைப்பார் என்ற பதற்றம் போய்விடும். வயதைக் கணக்கிடும்போது சுழியம் ஆண்டு கிடையாது என்பதை மறக்க வேண்டாம்: கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்த அகஸ்டஸுக்கு வயது 75.

நீதிமாடம்:
மணமுறிவு ஏன் அவ்வளவு சுலபம் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அப்போது பரவலாக இருந்த திருமண முறையில் பெண் கணவனின் அதிகாரத்துக்குள் போவதில்லை. தந்தை உயிரோடு இருந்தால் அவர் அதிகாரத்திலேயே இருப்பாள். பிரிவதற்கு நீதிமன்றமும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம், ஆள் மூலம் தகவல் சொன்னால் போதும். ஆனால் சீதனத்தைத் திருப்பித் தரவேண்டும், பிள்ளைகள் தகப்பன் வீட்டுக்கு. லிவியா கி.மு. 38இல் அகஸ்டஸை மணந்தபோது வயிற்றில் இருந்த துரூசஸ் பிறந்ததும் முதல் கணவரிடம்தான் அனுப்பப்பட்டான். கதாநாயகி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விவாகரத்து வழக்கு நடத்தும் காட்சி வந்தால், அந்த எழுத்தாளர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கி.மு. 18இல் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டம் இதையெல்லாம் கூர்மையாக்கியது. மனைவியின் கள்ள உறவு தெரிந்தும் விலக்காத கணவன் மேலேயே கூட்டிக்கொடுத்த குற்றம் பாயும். விலக்கிய பின் 60 நாள் வரை கணவனும் அவளுடைய தந்தையும் மட்டுமே வழக்குப் போடலாம், அதற்குப்பின் வெளியாரும் போடலாம். ஆகவே கணவன் மௌனமாக இருக்கும் காட்சியைக் கவனியுங்கள், மௌனமே ஆபத்து. அதே கள்ள உறவுக் குற்றச்சாட்டில்தான் கி.மு. 2இல் சொந்த மகளை அகஸ்டஸ் பாண்டட்டேரியா தீவுக்கு அனுப்பினார், திராட்சை மதுகூடக் கொடுக்கக் கூடாது என்ற கட்டளையோடு.

செப்புக்காசு:
விஷம் பற்றி. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியது அகஸ்டஸ் இறந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து. இன்னொரு வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இருநூறு வருடம் கழித்து. இருவரும் சந்தேகமாகத்தான் சொல்கிறார்கள். அகஸ்டஸ் சாப்பிட்ட அத்திப்பழத்தில் லிவியா விஷம் தடவிய கதை டியோவில் வருகிறது. மார்செல்லஸ் சாவிலும் லிவியாமேல் சந்தேகம் சொல்பவரும், அந்தச் சமயத்தில் ஊரெங்கும் நோய் பரவியிருந்தது என்று எழுதுபவரும் அதே டியோதான். நாவல் வாசகர் மனதில் லிவியாவை விஷக்காரியாகப் பதியவைத்தது ராபர்ட் கிரேவ்ஸ் 1934இல் எழுதிய 'ஐ, கிளாடியஸ்'. லிவியாவின் பேரனும் பின்னாளில் பேரரசரானவருமான கிளாடியஸே சொல்லும் கதை அது. அவருக்குத் தெரிந்ததும் காதில் விழுந்ததும் கலந்தே வரும். கூடவே ஜான் வில்லியம்ஸின் 'அகஸ்டஸ்' (1972) வாசியுங்கள். கடிதங்களும் குறிப்புகளுமாகப் போகும், நாடுகடத்தப்பட்ட ஜூலியாவின் நாட்குறிப்பும் உண்டு. முதல் வாசிப்பில் ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் பாருங்கள், காலம் முன்னும் பின்னும் தாவும்.

ஒரு கூடுதல் சேதி: அந்த காயஸும் லூசியஸும் கேடயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளிக்காசுகள் தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. டைபீரியஸ் காசில் அமர்ந்திருக்கும் பெண்ணை லிவியா என்றே பலர் கருதுகிறார்கள். கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த காசுகளை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது இந்த இரண்டு வகையையும் தேடிப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
தாள் எடுத்தாயிற்று. ஆக்டேவியாவுக்கு இரண்டு கணவர்கள், மார்செல்லஸ் மூத்த கணவருக்குப் பிறந்தவன், சரிதானே?

மிளகுக்கொடி:
சரி. அவள் ஆன்டனியை மணந்தது கி.மு. 40, அவர் விலக்கியது கி.மு. 32. அடுத்த வருடம் ஆன்டனியை அகஸ்டஸ் தரப்பு வென்ற ஆக்டியம் கடற்போர். அந்த இரண்டு வருடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.