பிளியே என்பதற்கு ‘அரைமண்டி’ பொருந்துமா?

வணக்கம் ஐயா.

பாலே நடனத்தில் முழங்கால்களை மடக்கித் தாழ்ந்து எழும் ‘பிளியே’ அசைவை, பரதத்தில் முழங்கால்களை விரித்துப் பாதி அமரும் நிலையின் பெயரான ‘அரைமண்டி’ என்றே வழங்கலாம் என்ற தங்கள் முன்மொழிவைப் படித்தேன். பரதம் பயிலும் பிள்ளைகளுக்கு அச்சொல் உடனே விளங்கும் என்பது உண்மை. தொடையை இடுப்பிலிருந்தே வெளிநோக்கித் திருப்புவதும் இரண்டுக்கும் பொது. ஆயினும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் துணைநிற்பவள் என்ற முறையில், அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

சென்ற வாரம், நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்ற சிறுமி ஒருத்தியிடம் ‘அரைமண்டி’ என்றேன். மூன்றாண்டு பரதம் பயின்றவள். முழங்கால்கள் இருபுறமும் விரிய அழகாகத் தாழ்ந்தாள். தாழ்ந்தவள் அப்படியே இருந்து, ஆடத் தொடங்குவதற்கான தாளச் சொற்களாகிய சொற்கட்டுக்காகக் காத்திருந்தாள். அவள் கற்றபடிதான் செய்தாள். அரைமண்டி ஒரு நிலை. அதில் இருந்துகொண்டே அடவுகள் எனும் அடிப்படை ஆட்ட அசைவுகளைச் செய்கிறோம். பிளியேயில் இசையோடு தாழ்ந்து, அடியில் தங்கிவிடாமல், அதே சீரில் எழ வேண்டும். குதிக்குமுன் விசை தருவதும், இறங்கும்போது முழங்காலுக்கு வரும் அதிர்வைத் தாங்குவதும் அந்த அசைவே.

பதினான்காம் லூயி மன்னர் 1661இல் பாரிசில் நடனக் கழகம் நிறுவினார். பாலேயின் சொற்கள் இன்றும் பெரும்பாலும் பிரெஞ்சுச் சொற்களே. ‘பிளியே’ என்றால் மடிந்தது, ‘தாந்து’ என்றால் நீட்டியது, ‘ரெலவே’ என்றால் உயர்த்தியது. பிரெஞ்சுப் பிள்ளைக்கு இவை வீட்டில் புழங்கும் வினைகள். நாமும் வீட்டுச் சொல்லையே எடுக்கலாமே.

முதலில் ‘மடிவு’ என்று எண்ணினேன். ‘மடிந்தார்’ என்பது இறப்பையும் குறிப்பதால் விட்டுவிட்டேன். இப்போது என் பரிந்துரை ‘மடக்கு’. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பாலெடுத்த என் தாயார், மரத்தின் அடிப்பகுதியில் வெட்டக் குனியும் புதியவர்களிடம், “முட்டிய மடக்கு, முதுக வளைக்காத” என்பார். பிளியேக்கும் அதுதான் இலக்கணம்: முதுகு நிமிர்ந்திருக்க, முழங்கால்கள் கால்விரல்களுக்கு நேராக மடங்க வேண்டும்.

குதிகால் தரையில் பதிந்திருக்கும் வரை ‘அரைமடக்கு’, அதற்கும் கீழே முழுமையாகத் தாழ்ந்தால் ‘முழுமடக்கு’ எனலாம். முழுமடக்கில் குதிகால் எழும் என்று மட்டும் வரையறையில் எழுதிவிடக் கூடாது. பாதங்களை அகட்டி நிற்கும் இரண்டாம் நிலையில் அது எழாது. ‘தாந்து’, ‘ரெலவே’ இரண்டுக்கும் முறையே ‘நீட்டு’, ‘உயர்த்து’ போதும்.

பரதத்தில் முழுமையாகத் தாழ்ந்து அமரும் ‘முழுமண்டி’, நம் ‘முழுமடக்கு’ இரண்டும் ஒலியால் நெருங்கியிருப்பது இரு நடனங்களையும் பயிலும் பிள்ளைகளைக் குழப்புமா என்பதில் மட்டும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.