9ஆம் வகுப்பு 'புரட்சிகளின் காலம்': பிள்ளைகளே சான்று பார்த்து முடிவுக்கு வர வைப்பது எப்படி?

பாலக்கோடு_சமூகஅறிவியல்
வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி, தமிழ்வழி, 42 பேர். இந்தப் பாடத்துக்கு 6 பீரியடு ஒதுக்க முடியும். ஒப்படைப்பு கொடுத்தால் எல்லாரும் ஒரே படத்தைப் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டி, கீழே புத்தகப் பத்தியை அப்படியே இறக்கிவிடுகிறார்கள். 'பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் யாவை' என்று கேட்டால் அரசியல், சமூகம், பொருளாதாரம் என மூன்று தலைப்பு வரும், அத்தோடு சரி. கேள்வியை எப்படி வைப்பது? எத்தனை சான்று கொடுக்கலாம்?

பென்னாகரம்_வரலாறு
கேள்வியில்தான் கோளாறு சார். 'காரணங்கள் யாவை' என்பதற்கு விடை புத்தகத்தில் அச்சாகியே இருக்கிறது, பிறகு எதைத் தேடுவார்கள்? ஒரே நாளுக்குள் அடங்குகிற, இரண்டு பதிலுக்கு இடமுள்ள கேள்வியாக வையுங்கள். உதாரணமாக: '1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறைக்குப் போனது கைதிகளை விடுவிக்கவா, வெடிமருந்துக்கா?'

சான்று ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒன்று, பாடப்புத்தகப் பத்தியேதான். அதையும் ஒரு சான்றாக வையுங்கள். இரண்டாவது, அன்று சிறையில் இருந்தவர்களின் கணக்கு: மொத்தம் 7 பேர். நான்கு பேர் போலி ஆவண வழக்கு, இருவர் மனநலம் குன்றியவர்கள், ஒருவர் பிரபு குடும்பம். மூன்றாவது, அன்று காலை நடந்தது: கூட்டம் இன்வாலிட் மாளிகையில் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டது, ஆனால் சுடுவதற்கு மருந்து போதவில்லை, மருந்துப் பீப்பாய்கள் பாஸ்டில்லில் இருந்தன. நான்காவது, ரொட்டி விலை. ஐந்தாவது, அரசர் பதினாறாம் லூயியின் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு எதிரே இருக்கும் ஒரே சொல்: 'ஒன்றுமில்லை'.

இந்த ஐந்தாவதில் எல்லாக் குழுவும் வழுக்கும். 'ராஜாவுக்கு நாட்டு நடப்பே தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். விடாதீர்கள். அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு; அன்று வேட்டை இல்லை, அதனால் 'ஒன்றுமில்லை'. இந்தத் தகவலைத் தனிச் சீட்டில் எழுதி மடித்து வைத்து, அவர்கள் முதல் முடிவை எழுதிய பிறகு கொடுங்கள். எழுதியதைத் தாங்களே அடித்துத் திருத்துவார்கள் பாருங்கள், இந்தப் பாடத்தில் நடக்கவேண்டியது அதுதான். முன்னாடியே சொல்லிவிட்டால் அது இன்னொரு 'குறிப்பு' ஆகிவிடும்.

ரொட்டிச் சான்றைக் கணக்காகக் கொடுங்கள். 4 பவுண்டு ரொட்டி, அதாவது ஏறக்குறைய 2 கிலோ, சாதாரண காலத்தில் 8-9 சூ (அன்றைய பிரெஞ்சுக் காசு). 1789இல் பாரிஸில் பதினான்கரை சூ வரை ஏறியது. கூலியாளுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 சூ. 25 என்று வைத்துக்கொண்டால் 36 சதவீதத்திலிருந்து 58 சதவீதம். ரொட்டி வாங்கிய பிறகு கையில் நிற்பது பத்தரை சூ. ரேஷன் அரிசியோடு ஒப்பிடச் சொல்லாதீர்கள், அது நமக்கு இலவசம், கணக்கு ஒட்டாது. கடையில் வாங்கும் ராகி விலையையும் ஒரு நாள் கூலியையும் வீட்டில் கேட்டு வரச் சொன்னால் பொருந்தும்.

42 பேருக்கு 10 குழு: எட்டில் நாலு பேர், இரண்டில் ஐந்து பேர். ஒரு சான்று அரை ஏ4, 80 முதல் 100 சொல், எழுத்து 14 அளவு. மொத்தம் 50 அரைத் தாள், 25 ஏ4 ஜெராக்ஸ். சான்றின் தலையில் நான்கு வரி கட்டாயம்: யார் எழுதியது, எப்போது, யாருக்காக, நேரில் பார்த்தவரா. எடுத்தவுடனே ஐந்தையும் நீட்டினால் நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளை மட்டும் வாசிக்கும், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். ஆளுக்கொன்று கொடுங்கள், தன் சான்றைத் தாளைப் பார்க்காமல் குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் இல்லாத குழுவில் புத்தகப் பத்தி பொது.

ஓசூர்_டீச்சர்
பென்னாகரம் சார் சொன்னதற்கு முன்னால் பழக்குவதற்கு ஒரு பீரியடு வேண்டும், இல்லையென்றால் ஐந்து சான்றும் வீண். அதே பாடத்தில் அமெரிக்கா இருக்கிறதே. 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மக்கள்மேல் நடத்திய துப்பாக்கிச் சூடு பற்றி, பிரிட்டிஷ் எதிர்ப்புத் தரப்பைச் சேர்ந்த பால் ரெவியர் வெளியிட்ட படத்தை ஸ்மார்ட் போர்டில் போடுங்கள், தலைப்பு சொல்லாமல். நோட்டில் மூன்று பத்தி: கண்ணில் பட்டது, ஊகிப்பது, இன்னும் தெரியவேண்டியது. முதல் பத்தியில் 'கொடூரமான சிப்பாய்கள்' என்று எழுதுவார்கள். 'கொடூரம்' கண்ணில் பட்டதா, ஊகமா என்று அந்த இடத்திலேயே பிரித்து விடுங்கள்.

படத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்று, அதிகாரி வாளை உயர்த்த ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். அந்த அதிகாரி கேப்டன் பிரஸ்டனோ, தான் சுடச் சொல்லவில்லை என்றார். வழக்கில் அவருக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், தீர்ப்பு விடுதலை. படத்தில் சுங்க அலுவலகத்தின்மேல் 'கசாப்புக்காரன் கூடம்' என்று பலகை வேறு. இதைப் பார்த்ததும் 'ஒருதலைப்பட்சம், தள்ளு' என்பார்கள். பெரும்பாலான வகுப்பு நின்றுபோவது இங்கேதான். என்ன நடந்தது என்பதற்கு அது மோசமான சான்று, சரி. மக்கள் எதை நம்பவேண்டும் என்று ரெவியர் தரப்பு விரும்பியது என்பதற்கு? அதைவிட நல்ல சான்று கிடைக்காது. இந்த இரண்டாவது கேள்வியைக் கரும்பலகையில் எழுதியே வையுங்கள்.

எங்கள் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் நிறைய. குழுப் பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும், எழுதுவது மட்டும் தமிழில். தமிழில்தான் பேசணும் என்றால் பாதிப் பேர் வாயே திறக்கமாட்டார்கள்.

ஊத்தங்கரை_பாராமகால்
கடைசி பீரியடுக்கு ஒன்று சேர்க்கிறேன். பாஸ்டில் கேள்விக்குப் பெரும்பாலான குழு 'வெடிமருந்து' என்றே முடிப்பார்கள், அது சரியும்கூட. அப்புறம் ஏன் உலகமே அதைக் கொடுங்கோன்மையின் சின்னம் என்கிறது என்று கேளுங்கள். பிற்பாடு நடந்ததைக் காட்டலாம்: பாலுவா என்ற ஒப்பந்தக்காரர் கோட்டையை இடித்த கல்லிலேயே சின்னச் சின்ன மாதிரிக் கோட்டை செதுக்கி பிரான்சின் பல பகுதிகளுக்கும் அனுப்பினார். கோட்டைச் சாவியைப் பிரெஞ்சுத் தளபதி லஃபயெட் அமெரிக்க அதிபர் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார்.

பிறகு நம்மூர். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்ததில் பாராமகாலும் ஒன்று. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிறவரிடமே நேரடியாக வரி வாங்கும் முறைக்கு அடிபோட்டது இங்கேதான். அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்ஸ் குடியரசு ஆனது. 'இரண்டு இடத்திலும் ஆட்சி மாறியது. எது புரட்சி, எது இல்லை, ஏன்?' என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். யார் மாற்றியது, வரி யார்மேல், சட்டம் யார் பேரில் என்ற மூன்றை வைத்துப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் ரகளை எல்லாம் புரட்சி ஆகிவிடும்.

பாலக்கோடு_சமூகஅறிவியல்
மிக்க நன்றி. பீரியடு இப்படிப் பிரிக்கிறேன்: 1 பாஸ்டன் படம், 2-3 பாஸ்டில் சான்றுகள், 4 மடித்த சீட்டும் திருத்தமும், 5 பாராமகால், 6 எழுத்து. வளரறி மதிப்பீட்டுக்கு மார்க் எதற்குப் போடுவது?

பென்னாகரம்_வரலாறு
முடிவுக்குப் போடாதீர்கள் சார், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். பத்தில் நாலு, முடிவுக்குக் குறைந்தது இரண்டு சான்றைப் பேர் சொல்லிக் காட்டியதற்கு. மூன்று, முடிவுக்கு எதிரான சான்று ஒன்றை எடுத்துப் பதில் சொன்னதற்கு. மூன்று, நாலாம் பீரியடில் அடித்துத் திருத்தியதற்கு. அதனால் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், ஒயிட்னர் கூடாது. முந்தைய முடிவு கண்ணுக்குத் தெரியணும்.