பாலேயில் குதித்து இறங்கும்போது பெண்ணின் முழங்காலுக்கு மட்டும் ஆபத்து அதிகமா?

செம்பூர் அம்மா:
வணக்கம். என் 16 வயது மகள் ஆறு ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்றவள். மூன்று ஆண்டுகளாக இங்கே மும்பையில் பாலே என்னும் மேற்கத்திய நடனம் கற்று வருகிறாள். என் அண்ணன் மகனும் அதே வகுப்பில்தான் ஆடுகிறான். கூடைப்பந்து ஆடும் அவளுடைய தோழிக்கு, எம்பிப் பந்தைப் பிடித்துக் கீழே இறங்கிய நொடியில் முழங்காலின் ஏசிஎல் ஜவ்வு அறுந்துபோய், அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இந்தக் காயம் பெண்களுக்கே அதிகம் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, இவள் ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அண்ணன் மகனை விட்டுவிட்டு இவளை மட்டும் குதிப்பைக் குறைக்கச் சொல்வது சரியா?

முலுண்ட் இயன்முறை மருத்துவர்:
சரியில்லை அம்மா. குழு விளையாட்டுகளில் பெண்களுக்கு இக்காயம் அதிகம் என்பது உண்மைதான். தரையிறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சரிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 ஆண், 21 பெண் தொழில்முறை நடனக் கலைஞர்களை 30 செ.மீ. உயர மேடையிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கச் செய்து அளந்தபோது, முழங்கால் அசைவில் இருபாலருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னர் விளையாட்டு வீரர்களையும் சேர்த்து ஒப்பிட்டதில், முழங்கால் அதிகமாக உள்ளே சரிந்தது விளையாட்டுப் பெண்களுக்குத்தான். நடனப் பெண்கள் ஆண்களைப் போலவே இறங்கினார்கள்.

பாலேயில் சிறு வயது முதலே ஆணும் பெண்ணும் ஒரே முறையில் இறங்கப் பழகுகிறார்கள் என்பதே இதற்குக் காரணம் எனக் கருதுகிறேன். முதலில் விரல்நுனி, அடுத்து முன்பாதம், பிறகு குதிகால் எனப் பாதம் படிப்படியாகத் தரையில் படிய, அதே ஓட்டத்தில் முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக மடிந்து பிளியே எனப்படும் முழங்கால் மடக்கிய நிலைக்குள் செல்வதால், அதிர்ச்சியைக் கெண்டைக்கால், தொடை, இடுப்புத் தசைகள் பகிர்ந்துகொள்கின்றன. மேலும், எங்கே எப்போது இறங்குவோம் என்பது ஆடுபவருக்கு முன்பே தெரியும். பந்தைப் பார்த்துக்கொண்டே எதிராளியின் மோதலுக்கு நடுவில் இறங்கும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 298 கலைஞர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்த வேறோர் ஆய்வில் 12 ஏசிஎல் காயங்கள் பதிவாயின. பெரும்பாலானவை ஒற்றைக் காலில் இறங்கும்போது நேர்ந்தவை.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது கணுக்காலையும் பாதத்தையும் கீழ்க்கால் எலும்பையும் பற்றித்தான். மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, மாதவிடாய் தவறாமல் வருகிறதா என்று பாருங்கள். உணவு குறைந்தால் எலும்பில் நுண்முறிவு வரலாம்.

மாட்டுங்கா நடன ஆசிரியை:
பரதநாட்டியத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் காதால் கேட்பது ஒன்று உண்டு. நம் அடவுகளில் பாதம் முழுவதும் தரையில் தட்டி ஓசை எழ வேண்டும். பாலேயில் இறங்கும்போது ஓசை கேட்டாலே பிழை. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியில் பழகிய இடுப்பு உதவும், தட்டிப் பழகிய பாதமோ தடையாகும். கால்களை வெளிப்புறம் திருப்புவதும் இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

வீட்டில் குதிக்க வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள். நம் அடுக்குமாடி வீடுகளில் கான்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸ் துளியும் வளைந்து கொடுக்காது. நடனக்கூடத் தரைக்கு அடியில் மரச்சட்டங்கள் வளைந்து கொடுக்கும். உங்கள் அண்ணன் மகனையும் அலட்சியமாக விட வேண்டாம், சகோதரி. ஆண்கள் இன்னும் உயரமாக எம்புகிறார்கள், காற்றில் இரட்டைச் சுற்று சுற்றுகிறார்கள், துணையாளரைத் தூக்கும்போது கீழ்முதுகுக்கும் பாரம் ஏறுகிறது.

செம்பூர் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று அனுமதி பெற்று வகுப்பின் கடைசிப் பத்து நிமிடங்களை முன்பக்கமிருந்து காணொளி எடுத்தேன். மகளுக்கு இடது பாதம் மட்டும் ஓசையோடு இறங்குகிறது. களைத்த பிறகு முழங்கால் உள்ளே சரிவது அண்ணன் மகனுக்குத்தான்!

முலுண்ட் இயன்முறை மருத்துவர்:
களைப்பு யாருடைய இறக்கத்தையும் கெடுக்கும். பெரிய குதிப்புகளை உடல் சூடேறியதும் முடித்துவிட்டு, கடைசியில் எளியவற்றை வைக்க முடியுமா என ஆசிரியரிடம் கேளுங்கள். மகள் இடது காலில் மட்டும் நின்று குதிகாலை எத்தனை முறை முழுமையாக உயர்த்தி இறக்குகிறாள், வலது காலில் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கெண்டைக்கால் தளர்ந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.