ஆன்லைனில் வாங்கிய மலிவு கேமரா ஆக்சசரிகள்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை:
என்னிடம் இருப்பது எல்பி-இ6 வகை பேட்டரி போடும் கேனான் பாடி. அசல் பேட்டரி ஒன்று வாங்கும் காசுக்குள் வேறு கம்பெனியின் இரண்டு பேட்டரிகளும் இரட்டைச் சார்ஜரும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அதையே ஆர்டர் போட்டேன். பேட்டரி மேல் 2600 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கேனானே எல்பி-இ6என் பேட்டரிக்கு 1865, அதற்கு அடுத்து வந்த எல்பி-இ6என்எச் பேட்டரிக்கு 2130 என்றுதான் போடுகிறது. அதே அளவு டப்பாவுக்குள் இவர்கள் மட்டும் எப்படி அவ்வளவு அடைத்தார்கள் என்று அப்போதே ஒரு சந்தேகம். பயன்படுத்தியதில், அசல் பேட்டரி தரும் படங்களில் முக்கால் பங்குகூடத் தேறவில்லை. திரையில் ரொம்ப நேரம் முழுசாகக் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று சிவப்புக்கு இறங்கும். போட்டவுடன் இந்த பேட்டரியோடு தொடர்பு கிடைக்கவில்லை, பயன்படுத்தவா என்று கேமரா கேட்கும். அசல் சார்ஜரில் ஏறாது, கூட வந்த சார்ஜரில்தான் ஏறும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கோடைக்குப் பிறகு அதில் ஒன்று உப்பிக்கொண்டு பேட்டரி அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சர்வீஸ் கடையில் கொடுத்துத்தான் வெளியே எடுத்தோம். இப்போது பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) முத்திரை, பேட்டரிக்கான தர எண் ஐஎஸ் 16046, ஆர் என்று தொடங்கும் பதிவு எண், மூன்றும் இருந்தால்தான் வாங்குகிறேன். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். நீங்கள் என்னென்ன வாங்கினீர்கள், எது உழைத்தது?

மதுரை, கல்யாண வேலை:
வேறு கம்பெனிப் பொருள் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் ஒரு முகூர்த்த நாளில் மண்டபத்துக்குள் வந்து பாருங்கள். கையில் இருப்பது கேனான், நிக்கான், சோனி எதுவாக இருந்தாலும் அதன் தலையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கோடாக்ஸ் கம்பெனி ஃபிளாஷ்தான். முன்பு யாங்நுவோ. கேமரா கம்பெனியின் பெரிய ஃபிளாஷ் ஒன்று வாங்கும் பணத்தில் நான் மூன்று லைட், ஒரு டிரிக்கர் (தள்ளி இருக்கும் லைட்டை ஒயர் இல்லாமல் அடிக்க வைப்பது), ஸ்டாண்டு எல்லாம் முடித்துவிட்டேன்.

கோடாக்ஸ் டிடி600 மேனுவல் மட்டும்தான், டிடிஎல் (ஃபிளாஷ் பவரைக் கேமராவே கணக்குப் போட்டு வைப்பது) கிடையாது. மேடையில் அது குறையே இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கப் போகிறார்கள், தூரம் மாறாது. பவரை ஒரு தடவை வைத்துவிட்டால் முகூர்த்தம் முடியும்வரை தொட வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ளேயே இருப்பதால் தனியாக ரிசீவரும் தேவையில்லை. ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் டிடிஎல் இல்லாமல் திணறிவிடுவீர்கள். அதற்கு டிடி685 மாதிரி ஒன்று கையில் வேண்டும்.

பெயர் ஊர் இல்லாத டிரிக்கரும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் வைத்துத் தட்டினால் ஒவ்வொரு தடவையும் அடிக்கும். மண்டபத்தில் நாலு வீடியோ டீம், ஒயர்லெஸ் மைக், எல்லார் கையிலும் போன் என்று வந்ததும் நாலுக்கு ஒன்று அடிக்காது. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அப்படிச் செய்தது. கேமராவின் மேல் இன்னொரு ஃபிளாஷ் இருந்ததால் படம் வந்தது. இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா? அதை அன்றைக்கே பெட்டியிலிருந்து தூக்கிவிட்டேன்.

தாம்பரம்:
லென்ஸ் மூடி, பின்மூடி, தோள் பட்டை, ஹாட் ஷூவில் (கேமரா மேல் ஃபிளாஷ் மாட்டும் இடம்) செருகும் பிளாஸ்டிக், காற்றடிக்கும் ரப்பர் பந்து. கண்ணாடி இல்லை, கரண்ட் இல்லை, டேட்டா இல்லை. எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள். ரிச்சி தெருவுக்குப் போய் வரும் ரயில் நேரம்கூட மிச்சம். பட்டையில் மட்டும் கொக்கியை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

திருவண்ணாமலை:
நான் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யூவி (புற ஊதா) ஃபில்டர் பற்றிச் சொல்கிறேன். லென்ஸ் வாங்கினால் கூடவே ஒரு முன்னூறு ரூபாய் ஃபில்டரையும் கடைக்காரர் தலையில் கட்டிவிடுவார், ஆன்லைனிலும் அதே காம்போதான். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் யூவியைத் தடுக்கும் அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இது வெறும் பாதுகாப்புக் கண்ணாடி, அவ்வளவுதான்.

பகலில் வித்தியாசமே தெரியாது. கார்த்திகை தீபத்தன்று ராத்திரி ஒரு மொட்டைமாடியில் டிரைபாட் போட்டு, மேலே தீபமும் கீழே ஊர் விளக்குகளும் வருகிற மாதிரி எடுத்தேன். மலைக்கு மேல் கருப்பு வானத்தில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தால், கீழே இருக்கும் தெருவிளக்குகளே தலைகீழாக வானத்தில் நிற்கின்றன! சென்சாரில் பட்ட ஒளி திரும்பி வந்து, தட்டையான ஃபில்டரில் மோதி, மறுபடி உள்ளே போகிறது. அதனால் படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு விளக்காக விழுகிறது. கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், நல்ல மல்டி கோட்டிங் என்றால் அது 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எடுத்தேன், வானம் சுத்தம்.

வேரியபிள் என்டி (திருகி ஒளியைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரண்டு போலரைசர்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) ஒன்றின்மேல் ஒன்று வைத்த சமாச்சாரம். மலிவானதைக் கடைசி வரை திருகினால் வைட் லென்ஸில் படத்துக்குக் குறுக்கே எக்ஸ் மாதிரி கருப்பு அடிக்கும்.

நாகர்கோவில், மேக்ரோ (சின்னப் பூச்சிகளைப் பெரிதாக எடுப்பது):
தாம்பரம் அண்ணன் கணக்கை அப்படியே எக்ஸ்டென்ஷன் டியூபுக்கும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வளையம்) போடலாம். உள்ளே கண்ணாடியே இல்லை, வெறும் காற்று. விலை கூடினதால் படம் கூர்மையாகிவிடாது. டியூபின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (50 மிமீ என்று லென்ஸில் போட்டிருக்கும் எண்) வகுத்தால் எவ்வளவு பெரிதாகும் என்று தெரிந்துவிடும். 50 மிமீ லென்ஸுக்குப் பின்னால் 36 மிமீ டியூப் வைத்தால் 0.72 மடங்கு, அதோடு லென்ஸ் சொந்தமாகத் தருவதும் சேரும். குதிக்கும் சிலந்தியின் கண் வரிசையைப் பார்க்க அது போதும்.

பார்க்க வேண்டியது இரண்டு. எலக்ட்ரானிக் காண்டாக்ட் இல்லாத வெறும் வளையத்தை கேனானில் மாட்டினால் அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) மாற்ற முடியாது, லென்ஸ் முழுசாகத் திறந்தே நிற்கும். சிலந்தியின் ஒரு கண் மட்டும் தெரியும், மீதியெல்லாம் மங்கல். காண்டாக்ட் இருந்தும் மவுன்ட் (லென்ஸும் கேமராவும் பூட்டும் விளிம்பு) பிளாஸ்டிக்காக இருந்தால், கனமான லென்ஸ் லேசாகத் தொங்கி, தொடர்பு விட்டுவிட்டு எர்ரர் 01 வரும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான். இப்போது இருப்பது மெட்டல் மவுன்ட், அதுவும் மலிவுதான், நன்றாக உழைக்கிறது.

சேலம்:
மெமரி கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய பிராண்டு பெயர் போட்ட 128 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. கேமராவிலும் 128 என்றே காட்டியது. வந்த அன்றே கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினேன். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள் அது. உண்மையில் இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. உள்ளே இருக்கும் கன்ட்ரோலரைப் பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். இருக்கிற இடம் நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் பெயரளவில் பட்டியலில் நிற்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் அனுப்பிவிட்டேன். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று இருக்கிறது.

மதுரை, கல்யாண வேலை:
சேலம் தம்பி சொன்னது பொன்னான வார்த்தை. எங்கள் டீமில் கார்டும் பேட்டரியும் அசல் மட்டும்தான். லைட், ஸ்டாண்டு, குடை இதெல்லாம் எதுவானாலும் சரி.

கோவை:
எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். நட்சத்திரப் பாதை (நட்சத்திரங்கள் நகர்வது கோடுகளாக விழும் படம்) எடுக்க, கேமராவைத் தொடாமல் கிளிக் செய்யும் ஒயர் ரிமோட் வாங்கலாம் என்று பார்க்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி விலை பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறதே?

தாம்பரம்:
மலிவானதே போதும் தம்பி, உள்ளே ஒரு சுவிட்ச்தான். சொருகி மட்டும் உங்கள் பாடிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 80டி மாதிரி பாடிகளுக்கு 2.5 மிமீ பின், 5டி, 7டி வரிசைக்கு என்3 என்கிற மூன்று முனைச் சொருகி. விற்பவர் போட்டிருக்கும் பட்டியலை நம்பாமல் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.