சார்டின் மீன் இருட்டில் நீலமாக மின்னியது: இது எந்த பாக்டீரியா, ஏன் இதற்கு இத்தனை பெயர்?

மெரிபேங்க் மீன்குழம்பு எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். போன வாரம் சார்டின் கரைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க் பக்கம் போய் ஒரு வாளி வாங்கி வந்தேன். பாதியை அன்றைக்கே ஆயா குழம்பு வைத்துவிட்டார். மீதியைக் காலையில் ஊறுகாய் போடலாம் என்று கழுவாமல், கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் தள்ளினேன், அப்புறம் மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் ராத்திரி லோட் ஷெடிங், கரண்ட் இல்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை, ஆனால் அந்தத் தட்டு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது! நீலமும் பச்சையும் கலந்த மங்கல் வெளிச்சம், செவுள் ஓரத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாக. விரலால் தடவினேன், விரல் நுனியும் மின்னியது. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டியதுதான் தப்பு. வீடு முழுக்க சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் படுத்தார்.

கடல் பாக்டீரியா என்று நெட்டில் தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒரு பக்கம் போட்டோபாக்டீரியம் என்கிறது, இன்னொன்று விப்ரியோ என்கிறது, மூன்றாவது அலிவிப்ரியோ என்கிறது. பிஷேரி என்ற ஒரே கிருமிக்கே இரண்டு இடத்தில் இரண்டு பெயர். இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? காலராக் கிருமியும் விப்ரியோதானாமே, எனக்கு உள்ளுக்குள் உதறல். அந்த மீனைச் சாப்பிடலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

---

வலைக்காரர் பேரன்:

அண்ணா, முதலில் அந்தத் தட்டைக் குப்பையில் கொட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் தாத்தா கரைவலை இழுத்தவர். டர்பன் துறைமுகத்து சால்ஸ்பரி தீவில் நம்ம ஆட்கள் மீன்பிடித்த காலத்துக் கதையெல்லாம் சொல்வார். மீன் மின்னுவது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை, "வெயில் வருமுன் உப்புப் போடாத சோம்பேறி வீட்டு மீன்தான் மின்னும்" என்பார். வெளிச்சம் விஷமில்லை. ஆனால் அந்த அளவுக்கு பாக்டீரியா பெருகியிருக்கிறது என்றால் கூடவே வேறு என்ன பெருகியிருக்கிறதோ. சார்டின், மேக்கரல், டூனா மாதிரி மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு, சில பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது, புளி ஊற்றினாலும் போகாது. நாற்றமும் வராது, அதுதான் மோசம்.

பெயர் விவகாரம் எனக்குத் தெரியாது, அதற்கு ஆய்வகத்து அக்கா வருவார்.

---

ஆய்வகத்து அக்கா:

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தம்பி, நீங்கள் பார்த்தது எது என்று தூரத்திலிருந்து சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் போட்டோபாக்டீரியம் பாஸ்போரியம் மேல் கட்டுவேன். காரணம் உங்கள் ஃப்ரிட்ஜ். அது குளிரில் நன்றாக வளரும், ஐஸில் வைத்த மீனில்கூட. விப்ரியோ ஹார்வி வெதுவெதுப்பான தண்ணீர் ஆசாமி, நாலு டிகிரியில் வளராது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2007இல் பாஸ்போரியத்திலிருந்து கிஷிடானி என்று இன்னொரு இனத்தைப் பிரித்தார்கள். அதுவும் மின்னும், அதுவும் மீன் தோலில் இருக்கும். அதனால் எந்தப் பேரினம் என்பதில் ஓரளவு துணிவு, எந்த இனம் என்பதில் துணிவில்லை.

இப்போது உங்கள் நிஜக் கேள்வி. பாக்டீரியாவின் பெயருக்குச் சட்டம் உண்டு, ஆனால் வகைப்பாட்டுக்குச் சட்டம் கிடையாது. பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அதன் உயிருள்ள மாதிரி ஒன்றை இரண்டு வெவ்வேறு நாட்டு சேகரிப்பு மையங்களில் கொடுத்து வைக்க வேண்டும். இதை வகைத் திரிபு என்போம். பெயர் ஒரு குறிப்பிட்ட பன்னாட்டு இதழில் வர வேண்டும், வேறு எங்காவது வந்தால் அந்த இதழின் பட்டியலிலாவது ஏற வேண்டும். 1980 ஜனவரி 1 அன்று ஒரு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஆயிரக்கணக்கான பழைய பெயர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் சட்டம். முறையாக வந்த இரண்டு பெயர்களில் எது சரியான பேரினம் என்று தீர்ப்புச் சொல்ல எந்த நீதிமன்றமும் இல்லை. பிஷேரியை 2007இல் அலிவிப்ரியோவுக்கு மாற்றினார்கள். 'அலி' என்றால் லத்தீனில் 'மற்ற', அதாவது மற்றொரு விப்ரியோ. பழைய பெயரும் செத்துப்போகவில்லை. அதனால் நீங்கள் பார்த்த இரண்டு பக்கமும் சரிதான்.

பழைய காலத்தில் எப்படிப் பிரித்தார்கள்? என்ன சர்க்கரை தின்கிறது, வால் ஒன்றா பலவா, வெளிச்சம் தருகிறதா, இவ்வளவுதான். 1889இல் பெய்ஜரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி மின்னுகிற பாக்டீரியாவுக்காகத்தான் போட்டோபாக்டீரியம் என்ற பேரினத்தை உண்டாக்கினார், பிஷேரியும் முதலில் அதில்தான் இருந்தது. காவடி எடுக்கிறவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்வது மாதிரிதான். ஹார்வியின் பாடு இன்னும் பாவம். 1936இல் அக்ரோமோபாக்டர், 1970இல் லூசிபாக்டீரியம், 1973இல் பெனெக்கியா, 1980 வாக்கில் விப்ரியோ. கிருமி கடலில் சும்மா இருந்தது, வீடு மாற்றிக்கொண்டே இருந்தது நாம்தான்.

அப்புறம் டி.என்.ஏ. வந்தது. 1987இல் ஒரு நிபுணர் குழு சொன்னது: இரண்டு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சூடாக்கி இழை பிரித்து, கலந்து ஆற வைத்தால் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்கிறது என்று பார், 70 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரே இனம். இது அலுப்பான வேலை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடையும் மாறும். 16எஸ் என்கிற ரைபோசோம் மரபணுவை வைத்து உயிரினங்களின் உறவைப் பார்க்கும் வழியை கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977இலேயே காட்டியிருந்தார். அதில் 97 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனம் என்று கொஞ்ச காலம் ஓட்டினார்கள், பிறகு கோட்டை 98.7 பக்கம் ஏற்றினார்கள். ஆனால் கடல் விப்ரியோக்களிடம் 16எஸ் பல்லிளித்துவிடும். ஹார்விக்கும் கேம்ப்பெல்லி என்ற இன்னொரு இனத்துக்கும் அந்த மரபணு 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றுபோல் இருக்கும். இதனால் நடந்த கூத்தைக் கேளுங்கள்: பாக்டீரியா ஒன்றோடொன்று 'பேசுவதை' ஆராயப் பயன்பட்ட உலகப் புகழ் பெற்ற ஹார்வி திரிபு ஒன்று, பிபி120 என்று பெயர், 2010இல் முழு மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது கேம்ப்பெல்லி என்று தெரிந்தது. அதுவரை வந்த கட்டுரைகளில் எல்லாம் ஹார்வி என்றே இருக்கும்!

இப்போது முழுத் தொகுப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்து சராசரி ஒற்றுமை பார்க்கிறோம், 95 அல்லது 96 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரே இனம். பழைய 70 சதவீதக் கோட்டோடு இது கிட்டத்தட்ட ஒத்துப் போகிறது.

காலரா பயம் வேண்டாம். விப்ரியோ என்ற பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். விப்ரியோ காலரே இனத்துக்குள்ளேயே பெரும்பாலானவை காலராவை உண்டாக்காது. நச்சுக்கான மரபணுவை ஒரு வைரஸ் உள்ளே கொண்டுவந்து வைக்கிறது, 1996இல் கண்டுபிடித்தார்கள். மீன்காரர்கள் கவனிக்க வேண்டியது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற இனம். 1950இல் ஒசாகாவில் பாதி உலர்ந்த சிறு சார்டின் குஞ்சுகளைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள், அப்போதுதான் அந்தக் கிருமி அகப்பட்டது. அதற்கும் முதலில் பாஸ்சுரெல்லா என்றுதான் பெயர் வைத்தார்கள், அதை விடுங்கள்.

---

சும்மா கேட்கிறேன்:

அக்கா, கோபிக்காதீர்கள், எனக்கு இதெல்லாம் கொஞ்சம் ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. 70 என்கிறீர்கள், 97 என்கிறீர்கள், 95 என்கிறீர்கள், யாரோ நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து போட்ட கோடு. அந்தக் கணக்குப்படி மனிதனும் சிம்பன்சியும் ஒரே இனமாகிவிடும். இந்த பாக்டீரியாக்கள் பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலை வாங்குகிற மாதிரி ஒன்றிடமிருந்து ஒன்று மரபணு வாங்கிக்கொள்கின்றன என்கிறபோது இனம் என்ற ஒன்று இருக்கிறதா?

---

ஆய்வகத்து அக்கா:

கோபமெல்லாம் இல்லை, பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன். கோடு நாம் போட்டதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான தொகுப்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் ஒற்றுமை 95 சதவீதத்துக்கு மேலே ஒரு கூட்டம், 83க்குக் கீழே ஒரு கூட்டம், நடுவில் ஆள் குறைவு. அந்தப் பள்ளம் நாம் தோண்டியது இல்லை. அது ஏன் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்குப் பிடித்த ஆதாரம் வேறு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கடல் தண்ணீரைப் பல அளவு வடிகட்டிகளில் சலித்து, எந்தத் துகளில் எந்த விப்ரியோ ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள், 2008இல் வெளியானது. விப்ரியோ ஸ்ப்ளெண்டிடஸ் என்று ஒரே பெயரில் கிடந்தவற்றுக்குள் பல கூட்டங்கள், சில தனியாக மிதக்கின்றன, சில பெரிய துகள்களிலும் நுண்விலங்குகளிலும் உட்கார்ந்திருக்கின்றன, பருவத்துக்குப் பருவம் வேறு. ஒரே வாளித் தண்ணீரில் தொழில் பிரித்துக்கொண்டு பிழைக்கின்றன. அந்தக் கூட்டங்களை இனம் என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் அவை இருக்கின்றன.

---

கேப்டவுன் கப்பல்காரன்:

ஒன்று விட்டுவிட்டீர்கள் அக்கா. வகைத் திரிபு உயிரோடு வேண்டும் என்கிறீர்களே, கடலில் இருப்பதில் பெரும்பாலானது ஆய்வக வளர்தட்டில் வளராதே? ஒரு மில்லி லிட்டர் கடல் தண்ணீரில் பத்து லட்சம் வரை பாக்டீரியா இருக்கும், வளர்தட்டில் முளைப்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. எஸ்ஏஆர்11 என்ற கூட்டத்தை 1990இல் சர்காசோ கடலில் வெறும் மரபணுவாகத்தான் கண்டார்கள். மேல்மட்டக் கடலில் நாலில் ஒரு செல் அதுதான். 2002இல்தான் வளர்க்க முடிந்தது, அதுவும் ஊட்டம் மிகக் குறைந்த கடல் தண்ணீரில். வளர்த்த பிறகும் பல காலம் 'கேண்டிடேட்டஸ்', அதாவது தற்காலிகப் பெயர், என்ற அடைமொழியோடுதான் நின்றது, வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி.

நம்ம பக்கத்து நமீபியா கடலிலும் ஒன்று உண்டு, தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ், 1997இல் அடிச்சேற்றில் கிடைத்தது. முக்கால் மில்லிமீட்டர் வரை, கண்ணால் பார்க்கலாம், வெள்ளை முத்துச் சரம் மாதிரி. கண்ணுக்கே தெரிகிறது, ஆனாலும் தனியாக வளர்க்க முடியவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்காக 2022இல் சீக்கோட் என்று ஒரு தனி விதிமுறை வந்தது, உயிர் மாதிரி வேண்டாம், தரமான மரபணுத் தொகுப்பே போதும். பழைய ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

---

மெரிபேங்க் மீன்குழம்பு:

எல்லோருக்கும் நன்றி. தட்டு குப்பைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்தேன். ஒரு மீனை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை உப்புத் தண்ணீரில், இன்னொன்றைக் குழாய்த் தண்ணீரில் போட்டு குளியலறையை இருட்டாக்கிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. உப்புத் தண்ணீர் டம்ளரைக் குலுக்கினால் வெளிச்சம் கூடுகிறது, சும்மா வைத்தால் மங்குகிறது. அது ஏன்?

---

ஆய்வகத்து அக்கா:

கடல் கிருமிக்கு உப்பு குறைந்தால் செல்லே தாங்காது, அதனால் அணைந்தது. குலுக்கும்போது காற்று கலக்கிறது. வெளிச்சத்துக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். ராபர்ட் பாயில் 1660களிலேயே மின்னும் மீனைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை உறிஞ்சி இதையே பார்த்திருக்கிறார், பாக்டீரியா என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

கையை சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?

---

மெரிபேங்க் மீன்குழம்பு:

இரண்டு தடவை. டம்ளரை ஆயா தூக்கிப் போட்டுவிட்டார்.